நாற்பத்தொன்றாவது ஆள் தின்ற பிஸ்கட்

துக்கத்தை கிராம் கணக்கில் நிறுத்துவிடலாம் என்பது எங்கள் பேராசிரியர் ஹெஸலின் கொள்கை. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் உள்ள எங்கள் ஆய்வகத்துக்கு வருபவர்களுக்கு முதலில் அழவைக்கும் படம் காட்டுவோம். பிறகு, 'சுவைக்கு மதிப்பெண் போடுங்கள்' என்ற பொய்யோடு ஒரு கிண்ணம் பிஸ்கட். கிண்ணத்துக்கடியில் ஒளித்த தராசு, தின்ற அளவை என் கணினிக்குச் சொல்லிவிடும்; துக்கம் கூடினால் தீனியும் கூட வேண்டும். கடைசியில் ஒரு வினாத்தாள்.

நாற்பது பேர் வந்தார்கள். அழுதார்கள். ஆளுக்கு ஒரே ஒரு பிஸ்கட் தின்றார்கள். காபியோடு ஒன்றைக் கொடுத்து டப்பாவை மூடிவிடும் வீடுகளில் வளர்ந்தவர்கள், வேறென்ன செய்வார்கள்?

"இன்னொண்ணு எடுத்துக்கங்களேன்" என்று ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரிடம் கெஞ்சிப் பார்த்தேன்.

"எங்கம்மா செத்தன்னைக்கே ஒண்ணுதாம்மா எடுத்தேன்" என்றார், மூக்கைச் சிந்தியபடி.

ஹெஸலின் கொள்கையில் பிழை இருக்க வழியில்லை. ஆகவே பிழை மக்களிடம்தான்.

"ஜனங்களுக்கு உணர்ச்சியே செத்துப்போச்சு, வீட்ஸ்கா" என்றார் என்னிடம்.

"உணர்ச்சி இருக்கு ஹெஸல். மரியாதை அதைவிடக் கூட இருக்கு. நீங்களே உக்காந்து தின்னு பாருங்களேன்."

"நானா? எனக்கு மனசு சரியில்லைன்னா சைக்கிளை எடுத்துட்டுக் கிளம்பிடுவேன்."

வியாழக்கிழமை நிதிக்குழுவின் கடிதம் வந்தது. துக்கத்தில் கூடுதலாகத் தின்ற ஒருவரையாவது நாளைக்குள் காட்டாவிட்டால் ஆய்வகத்துக்குப் பூட்டு. ஹெஸல் கடிதத்தோடு சோதனை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே சைக்கிள் சும்மா நின்றது. என் திரையில் கிண்ணத்தின் எடை இறங்கத் தொடங்கியது.

பத்து நிமிடம் கழித்து வந்தார். மீசையெல்லாம் துகள்.

"தராசு... ஓடிட்டா இருந்துச்சு?"

"ஓடுச்சு. இருநூத்திப் பன்னண்டு கிராம்."

முகம் வெளுத்தது. பிறகு மெல்ல மலர்ந்தது.

"அப்ப நாப்பத்தொண்ணாவது ஆள் கிடைச்சாச்சு. பேர் ரகசியம்னு போடு."

"வினாத்தாள் இல்லாட்டி இந்தக் கணக்கு செல்லாதே."

பேனாவைத் திறந்து உட்கார்ந்தார். 'மனம் கலங்கினால் அதிகம் சாப்பிடுவீர்களா?' என்ற கேள்விக்கு, கொஞ்சமும் தயங்காமல் 'ஒருபோதும் இல்லை' என்பதில் குறியிட்டார்.

குழு அசந்துபோனது. தராசு சொல்வதற்கும் ஆள் சொல்வதற்கும் இவ்வளவு தூரம் ஏன் என்று ஆராய இன்னும் மூன்றாண்டு நிதி கொடுத்தது.

அன்று ஆய்வகத்தில் கொண்டாட்டம். ஹெஸல் தன் கையாலேயே ஆளுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்து, டப்பாவை மூடினார்.