ஒரு மணி இருபது நிமிடம்

1

இந்தக் கதை எனக்கு வந்த ஒரு புகார் மின்னஞ்சலில் இருந்து பிறந்தது. சொந்தக் கற்பனை என்று பீற்றிக்கொள்ள ஆசைதான், வாய் கூசுகிறது.

பயணத் தகவல் இணையதளம் ஒன்றில் எனக்கு வேலை. ஏதாவது இரண்டு விமான நிலையங்களை எடுத்து, இடையே எவ்வளவு தூரம், பறக்க எவ்வளவு நேரம் என்று பக்கம் பக்கமாகப் போட்டுத் தள்ளுவேன். நேர்க்கோட்டுத் தூரத்தை எண்ணூறால் வகுத்து, ஏற இறங்க அரை மணி சேர்த்தால் நேரம் வந்துவிடும். அங்கே விமானம் ஓடுகிறதா என்று பார்ப்பது என் வேலையில் சேராது.*

2

முதல் தொடக்கம்: மேகங்களுக்கு நடுவே அவள்... (அடித்துவிட்டேன். அவள் மேகத்துக்குப் பக்கத்திலேயே போகவில்லை, அதுதான் பிரச்சினை.)

இரண்டாவது: சாலையே போகாத ஒரு சுரங்க ஊர். அங்கே மண் பரிசோதிக்கும் பெண்ணுக்கு, தென்கோடித் தீவிலிருந்து அண்ணன் போன் செய்தான். ஒரு வியாழக்கிழமை காலை.

"அப்பாவுக்கு ரொம்ப முடியல. ரெண்டு மூணு நாள் தாண்டுறது கஷ்டம்னு டாக்டர் சொல்றாரு. எப்ப வர்ற?"

அவள் இணையத்தில் என் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். அறுநூற்று அறுபத்தேழு கிலோமீட்டர்.

"ஒரு மணி இருபது நிமிஷம்தாண்ணே. நாளைக்குக் கிளம்பி மத்தியானமே வந்துடுவேன். அப்பாகிட்ட சொல்லு."

அன்று மதியம் தலைநகருக்கு ஒரு விமானம் போனது. இடமும் இருந்தது. ஊரைச் சுற்றிக்கொண்டு போவானேன் என்று விட்டுவிட்டாள்.

3

வெள்ளிக்கிழமை. அந்த ஊர் விமான நிலையம்: ஒரு கவுண்டர், பெட்டி நிறுக்கும் தராசு, பூட்டிய டீக்கடை. ஊழியர் அவள் போனில் என் பக்கத்தைப் படித்தார்.

"இப்படி ஒரு ப்ளைட்டே கிடையாதேம்மா."

"இதுல போட்டிருக்கே?"

"போட்டவன் வந்து ஓட்டுவானா? இங்கேருந்து தலைநகருக்கு மட்டும்தான், அதுவும் வாரத்துக்கு ஒண்ணுதான். நேத்து போயிடுச்சு. இனி அடுத்த வியாழக்கிழமை."

அதைக் கேட்டதும் அவள் மனம் ஒரு... (ஒரு என்ன? எனக்குத் தெரியவில்லை. இந்த ஊழியருக்கு ஒரு முறுக்கு மீசை வைத்து வில்லனாக்கப் பார்த்தேன். அந்த ஆள் சொன்னதெல்லாம் உண்மை. மீசையை எடுத்துவிட்டேன்.)

அங்கே பெஞ்சில் உட்கார்ந்துதான் எனக்கு எழுதியிருக்கிறாள். "நான் வர்றேன்னு தெரிஞ்சு அப்பா ஷேவ் பண்ணிக்கிட்டு வாசலையே பார்த்துக்கிட்டு இருக்காராம். நான் என்ன சொல்லட்டும்?"

4

முடிவு அ: சரக்கு விமானி ஒருவர் மனமிரங்கி... (அட போய்யா.)

முடிவு ஆ: அப்பா அடுத்த வியாழன் வரை தாக்குப்பிடிக்கிறார். எழுதிவிட்டு நானே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பிறகுதான் உறைத்தது, நான் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்னை.

முடிவு இ எழுத வரவில்லை. மூன்று தடவை உட்கார்ந்து பார்த்தேன்.

உண்மையில் என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. அவள் மறுபடி எழுதவில்லை. மின்னஞ்சலின் அடியில் அவள் எண் இருக்கிறது. ஏழு வாரமாகிறது, நான் கூப்பிடவில்லை. பயம். அதனால்தான் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எண்ணைத் தருகிறேன். நீங்கள் கூப்பிட்டுக் கேட்பீர்களா? யார் பேசுவது என்று கேட்டால் மட்டும் என் பெயரைச் சொல்லிவிடாதீர்கள்.

* அவள் மின்னஞ்சலை மேலாளரிடம் காட்டினேன். "கணக்கு சரிதானே? அப்புறம் என்ன, விடுய்யா" என்றார். கணக்கு சரிதான்.