தேன் வாசனைக் குண்டுகள்

ராய்ஸ் டில்மன் தன் பிளாஸ்டிக் பெட்டியைத் திறந்தான். உள்ளே ஐம்பது ஈயக் குண்டுகள், வரிசையாக, லிப்ஸ்டிக் சிவப்பில்.

"பாத்துக்கங்கப்பா! நானே உருக்கி, நானே ஊத்தி, நானே பவுடர் கோட்டிங் போட்டது."

துப்பாக்கி கிளப்பின் தகரக் கொட்டகையில் நின்றிருந்த ஏழெட்டு ஆண்கள் எட்டிப் பார்த்து, கல்யாணப் பெண்ணைப் பார்ப்பது போல் தலையாட்டினார்கள்.

வெர்னா ஆஸ்ட்ராண்டரும் பார்த்தாள். ஒரே ஒரு தடவை. அது போதும். இருபத்தாறு வருஷமாக ஈயம் உருக்குகிறவளுக்கு ஒரு குண்டின் லட்சணம் தெரிய ஒரு பார்வைக்கு மேல் தேவையில்லை. சிவப்புத் தோலில் வரிவரியாகச் சின்னக் கொப்புளங்கள். அம்மை போட்ட முகம் மாதிரி இருந்தன.

'இதைப் போய் பெட்டியில் அடுக்கிக்கொண்டு வந்திருக்கிறதே, இந்த ஜென்மம்!'

வெர்னாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. மொன்டானாவின் அந்த மலையடிவார ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் தன் குண்டுகளுக்கு மெழுகு தடவுவதை விட்டுவிட்டு, பவுடர் பெயின்ட் பூசி ஓவனில் சுட ஆரம்பித்தபோது, இதே ராய்ஸ்தான் அவளுக்கு 'நகப்பாலிஷ் வெர்னா' என்று பெயர் வைத்தான். கிளப் முழுக்க அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. இப்போது அவனே சிவப்புப் பாலிஷோடு வந்து நிற்கிறான். யாரும் சிரிக்கவில்லை. ஆம்பிளை பூசினால் அது விஞ்ஞானம் போலிருக்கிறது.

அன்றைய போட்டி சாதாரணப் போட்டி இல்லை. மாநிலப் போட்டிக்கு கிளப்பிலிருந்து ஒரே ஒருவர்தான் போகலாம். மூன்று வருஷமாக அந்த இடம் ராய்ஸுக்கே போனது. ஒரு வருஷம் வெர்னாவின் விண்ணப்பம் 'லேட்'. ஒரு வருஷம் சீட்டுக் குலுக்கல். ஒரு வருஷம் காரணம்கூடச் சொல்லவில்லை. இந்த முறை அவள் கிளப் கூட்டத்தில் எழுந்து நின்று, "சுட்டுப் பாத்துடலாம், வாங்க" என்றாள். மறுக்க வழியில்லை. ஆளுக்கு மூன்று சுற்று, சுற்றுக்கு ஐந்து தோட்டா, தோட்டாவுக்கு அதிகபட்சம் பத்துப் புள்ளி. ஒரே விதி: தோட்டாவின் ஈயக் குண்டு அவரவர் கையால் வார்த்ததாக இருக்க வேண்டும்.

அந்த விதியில்தான் அவளுக்கு உறுத்தியது. ராய்ஸ் உருக்கியதாக இதுவரை யாரும் பார்த்ததில்லை. படகு விற்கிறவன். கை நகத்தில் அழுக்கு சேராத ஆள்.

"ராய்ஸ், எந்த அச்சுல ஊத்தின?" என்றாள் சாதாரணமாக.

"நல்ல அச்சு அம்மணி. விலை ஒசத்தி."

"பவுடர் எப்படி ஒட்ட வச்ச?"

"டப்பாவுல பவுடரப் போட்டு, குண்டப் போட்டு, குலுக்கு குலுக்குன்னு குலுக்கணும். வீடியோல பாக்கலியா நீங்க?"

"ஓவன்ல எவ்வளவு நேரம்?"

"நேரமெல்லாம் கத்துக்குட்டிங்களுக்கு. நான் மூக்க வச்சே சொல்லிடுவேன். கமகமன்னு தேன் வாசனை ஒண்ணு வரும் பாருங்க, அப்ப வெளிய எடுத்துடணும்."

வெர்னா தன் காப்பிக் கோப்பையை மெதுவாக மேஜையில் வைத்தாள்.

தேன் வாசனை.

பவுடர் பெயின்ட் ஓவனில் வேகும்போது தேன் வாசனை வராது. தகரக் கதவுக்குப் பெயின்ட் அடித்து வெயிலில் போட்டால் வருமே, அந்த நாற்றம்தான் வரும். தேன் வாசனை தேன்மெழுகிலிருந்து வரும். மெழுகை குண்டின் இடுப்பு வரிகளில் அடைத்து வைப்பது பழைய முறை. அவளுடைய பழைய முறை. கிளப்பின் உருக்குக் கொட்டகையில், மறுபடி உருக்குவதற்காக அவள் ஒதுக்கி வைத்த மெழுகுக் குண்டுகள் இரண்டு காப்பி டின் நிறைய இருந்தன. ஒரு டின் போன மாதம் முக்கால்வாசி காலியாக இருந்தது. எலி ஈயம் தின்னாதே என்று அன்றைக்கே யோசித்தாள்.

எலி இல்லை. படகு வியாபாரி.

திருடியதைக்கூட அவள் மன்னித்திருப்பாள். வரிக்குள் இருந்த மெழுகைக் கழுவாமல், மேலாகத் துணியால் துடைத்துவிட்டு, அதன் மேலேயே பெயின்ட் பூசியிருக்கிறானே, அதை எப்படி மன்னிப்பது? வரி என்பதே அழகுக்குப் போட்ட டிசைன் என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது.

"யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டார் கஸ் ப்ரூனர். எழுபதைத் தாண்டிய நடுவர். ஆட்சேபணை கேட்கும்போதே 'யாரும் எதுவும் சொல்லிவிடாதீர்கள்' என்கிற முகம்.

இப்போதே சொல்லலாம். சொன்னால் போட்டி நிற்கும். அப்புறம்? 'தோத்துடுவோம்னு பயந்து சண்டை இழுத்தா' என்பார்கள். வெர்னாவுக்கு அந்த இடம் சுட்டு ஜெயித்து வேண்டும்.

"எனக்கு ஒண்ணும் இல்ல. சுடட்டும்."

ஆளுக்குப் பதினைந்து குண்டுகளை எடுத்து, எல்லோர் முன்னாலும் தோட்டாவில் அடைத்துக்கொண்டார்கள். முதல் சுற்று. ராய்ஸ் சுட்டான். டெலஸ்கோப்பில் பார்த்த கஸ் விசிலடித்தார்.

"நாப்பத்தேழு!"

வெர்னா நாற்பத்து நாலு.

"என்ன நகப்பாலிஷ், கை நடுங்குதா?" ராய்ஸ் இளித்தான். கூட்டம் கூடவே இளித்தது. அவன் மனைவி டீனா செய்து அனுப்பியிருந்த ஹக்கிள்பெரி பை, காட்டுப் பழத்தை மாவுக்குள் வைத்து ஓவனில் சுட்ட பண்டம், தட்டு தட்டாகப் போய்க்கொண்டிருந்தது. "எடுத்துக்கங்க அம்மணி, வாய்க்காவது இனிப்பா இருக்கட்டும்."

"ஈயம் தொட்ட கையால நான் எதையும் தின்ன மாட்டேன்."

"ரொம்ப சுத்தம்!" என்றார் கஸ், விரலை நக்கியபடி.

வெர்னா தன் நாற்பத்து நாலை மறுபடி கூட்டிப் பார்த்தாள். தப்புக் கணக்குப் போட்டுவிட்டோமா? துப்பாக்கிக் குழல் சுத்தமாக இருக்கும் வரை எந்தக் குப்பையும் நேராகப் போகும், அது தெரியும். ஆனால் அவன் குப்பை பதினைந்து தோட்டாவுக்கும் தாங்கிவிட்டால்? வாயைத் திறக்காததற்கு நாலாவது வருஷமும் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இரண்டாவது சுற்று. ராய்ஸின் மூன்றாவது தோட்டா இடது பக்கம் விலகியது. நான்காவது இன்னும் விலகியது. ஐந்தாவதைப் பார்த்துவிட்டு கஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஓட்டை நீளமா இருக்கேப்பா? சாவித் துவாரம் மாதிரி?"

குண்டு மூக்கால் போகாமல் பக்கவாட்டில் உருண்டுகொண்டு போயிருக்கிறது. வெர்னா மூச்சை விட்டாள். ஈயம் நேரடியாகக் குழலில் உரசினால் உள்ளே அப்பிக்கொள்ளும். அப்பிய ஈயத்தில் அடுத்த குண்டு தடுமாறும். அதைத் தடுக்க ஒன்று மெழுகு வேண்டும், அல்லது பவுடர் தோல் வேண்டும். ராய்ஸிடம் மெழுகு ஓவனில் உருகி ஓடிவிட்டது. தோல் மெழுகுப் பிசுக்கில் ஒட்டவே இல்லை.

ராய்ஸ் முப்பத்தெட்டு. வெர்னா நாற்பத்தேழு.

மூன்றாவது சுற்றில் அவனுடைய இரண்டு தோட்டாக்கள் இலக்கு அட்டையிலேயே படவில்லை. இருபத்தொன்று. வெர்னா நிதானமாக நாற்பத்தாறு சுட்டுவிட்டு, காதுக் கவசத்தைக் கழற்றினாள். மொத்தம் நூற்று முப்பத்தேழு. அவனுக்கு நூற்றாறு.

கை தட்டுவார்கள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அடுத்து நடந்ததையும் எதிர்பார்க்கவில்லை.

"இந்தப் போட்டி செல்லாது!" என்று கத்தினான் ராய்ஸ். துப்பாக்கிக் குழலுக்குள் டார்ச் அடித்துக் காட்டினான். "பாருங்கய்யா, எம் மாமனார் குடுத்த துப்பாக்கி! உள்ள பூரா ஈயம்! பவுடர் கோட்டிங்கே டுபாக்கூர் வேல. இத கிளப்புல தடை பண்ணணும். ரெண்டு பேரோட ஸ்கோரையும் அடிச்சுடுங்க கஸ். பழைய மாதிரி கமிட்டியே ஆள அனுப்பட்டும்."

பழைய மாதிரி என்றால் யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

கேவலம் என்னவென்றால், நாலைந்து தலைகள் ஆடின. கஸ் தாடையைத் தடவினார். "அதுவும் நியாயமாத்தான் படுது வெர்னா. பாதுகாப்புன்னு ஒண்ணு இருக்குல்ல..."

"யோவ் கஸ், சுத்தியல் இருக்கா?"

"எதுக்கு? அவன அடிக்கவா?"

"அந்த மண்டையில அடிச்சா சுத்தியலுக்குத்தான் சேதாரம். குடுய்யா இங்க."

வெர்னா தன் பச்சைக் குண்டு ஒன்றை இரும்புப் பட்டடை மேல் வைத்து ஓங்கி அடித்தாள். குண்டு நசுங்கிக் காசு மாதிரி ஆனது. பச்சைத் தோல் ஒரு இடத்தில்கூட விரியவில்லை. காசோடு காசாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது கோட்டிங்." அடுத்து ராய்ஸின் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தாள். அடித்தாள். சிவப்புத் தோல் முட்டை ஓடாகச் சிதறியது. "இது மேக்கப்பு."

"நான் புதுசுங்க, கொஞ்சம் முன்ன பின்ன..." என்றான் ராய்ஸ்.

"இருப்பா, இன்னும் முடியல." இன்னொரு சிவப்புக் குண்டை எடுத்தாள். இதை அடிக்கவில்லை. கட்டை விரல் நகத்தால் உரித்தாள். அவித்த உருளைக்கிழங்கு மாதிரி தோல் கழன்று வந்தது. கஸ்ஸின் மூக்குக்கு நேராக நீட்டினாள். "மோந்து பாரு."

கஸ் முகர்ந்தார். "தேன்...மெழுகு?"

"இப்ப கண்ணாடியப் போட்டுக்கிட்டு மூக்கு ஓரத்தப் பாரு. குண்டோட மூக்கு."

கஸ் பார்த்தார். மயிரிழை மாதிரி ஒரு கோடு புடைத்திருந்தது.

அந்தக் கோட்டை கிளப்பில் அறியாதவர் இல்லை. பதினாலு வருஷத்துக்கு முன்னால் வெர்னா தன் அச்சைக் கை தவறி சிமென்ட் தரையில் போட்டுவிட்டாள். அச்சுக்குள் ஒரு கீறல் விழுந்தது. அதிலிருந்து அவள் வார்த்த ஒவ்வொரு குண்டும் அந்தத் தழும்போடுதான் பிறந்தது. 'வெர்னா பிள்ளைங்க' என்று கேலி செய்ததும் இதே கும்பல்தான்.

பை தின்கிற ஸ்பூன் சத்தம் மட்டும் கேட்டது.

"அது... அது வேற எங்கயாவது பட்ட கீறலா இருக்கும்," என்றான் ராய்ஸ். முகம் குண்டின் நிறத்துக்கு வந்திருந்தது.

"மிச்ச குண்டையும் உரிக்கட்டுமா? எல்லாத்துக்கும் ஒரே எடத்துல பட்டிருக்குமே."

"சரி, குண்டு உங்களோடதாவே இருக்கட்டும்! ஆனா வேலை என்னோடது. நானே சுட்டேன். எங்க வீட்டு சமையல் ஓவன்ல வச்சு, நேத்து சாயங்காலம், நானே நின்னு சுட்டேன். நம்பலேன்னா டீனாவக் கேளுங்க. என் குண்ட எடுத்துட்டுதான் அவ இந்தப் பையவே உள்ள வச்சா!"

ஸ்பூன் சத்தம் நின்றது.

கஸ் தன் தட்டைப் பார்த்தார். ராய்ஸைப் பார்த்தார். மறுபடி தட்டைப் பார்த்தார். ஊதா நிறச் சாறு அவர் தாடியில் வழிந்துகொண்டிருந்தது.

ஈயம் விஷம். ஈயமும் பெயின்டும் வேகிற ஓவன் வேறு, ரொட்டி வேகிற ஓவன் வேறு என்பது இந்த வேலையில் முதல் நாள் முதல் பாடம். வெர்னாவின் பழைய டோஸ்டர் ஓவன் கார் ஷெட்டில் இருக்கிறது. அதில் 'சோறு இல்லை' என்று பெரிதாக எழுதி வைத்திருக்கிறாள். வீடியோ பார்க்கிறவர்கள் இந்த இடத்தை ஓட்டிவிடுவார்கள் போல.

"டேய்!" என்றார் கஸ். தட்டை வீசிவிட்டு வாசல் குழாயடிக்கு ஓடினார். அவர் பின்னால் மற்ற எல்லோரும் ஓடினார்கள். ஆறேழு தடியர்கள் ஒரே குழாயடியில் முட்டி மோதி வாய் கொப்பளித்தார்கள். துப்பினார்கள். இருமினார்கள். தலையாட்டினவர்கள் எல்லோரும் அந்த வரிசையில் இருந்தார்கள்.

வெர்னா மேஜைக்குப் போனாள். பாதி தின்ற பைத் தட்டுகளை முழங்கையால் ஒதுக்கினாள். மாநிலப் போட்டிக்கான படிவத்தை எடுத்துத் தன் பெயரை எழுதினாள். கஸ் சொட்டச் சொட்டத் திரும்பி வந்ததும் பேனாவை அவர் கையில் திணித்தாள். அவர் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

பிறகு ராய்ஸின் சிவப்புப் பெட்டியை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"முப்பத்து மூணு மிச்சம் இருக்கு. உருக்கிக்கறேன்," என்றாள். "டீனாகிட்ட அந்த ஓவனைத் தூக்கிப் போடச் சொல்லு. ஏன்னு அவ கேட்டா, நீயே சொல்றியா, நான் வந்து சொல்லட்டுமா?"

அப்போதுதான் ராய்ஸின் தட்டும் காலியாக இருப்பதை வெர்னா கவனித்தாள். இரண்டு துண்டு தின்றிருந்தான்.

"போப்பா," என்றாள், வாசலைக் காட்டி. "வரிசை பெருசா இருக்கு."