எது நம்ம அங்கி?

அவளை எல்லாரும் ஊசி என்றுதான் கூப்பிடுவார்கள். தையல்காரி என்பதற்காக வைத்த பெயர் இல்லை, வாய்க்காக வைத்த பெயர். தொழில் பிறகு வந்து அதற்குப் பொருத்தமாகச் சேர்ந்துகொண்டது.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே அவள் கடை. இரண்டு மெஷின், ஒரு வெட்டுமேஜை, ஒரு இஸ்திரிப் பெட்டி, சுவரெல்லாம் நூல்கண்டு. பாவாடைக்கு நாடா போடுவது முதல் கல்யாணக் கோட்டு வரைக்கும் தைப்பாள். அவளுடைய சபையில் பாடகர் குழுவின் அங்கியும் போதகரின் அங்கியும் அவள் கைவேலைதான். அதில் அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. அங்கி முடிந்ததும் கழுத்துப்பட்டையின் உள்பக்கம், பிடரி படும் இடத்தில், சிவப்பு நூலால் ஒரு சின்னச் சிலுவை போடுவாள். போட்டு முடிக்கும்வரை, அதை உடுத்தப்போகிறவருக்காக ஜெபம் செய்வாள். சிலுவை வெளியே தெரியாது. முடிச்சு மட்டும் பிடரியில் லேசாக உறுத்தும். உறுத்தட்டும், தான் யாரென்று அவருக்கே ஞாபகம் வரட்டும் என்பாள்.

அந்த மாதம் போதகருக்குப் புது அங்கி தைத்துக்கொண்டிருந்தபோதுதான் நாடகக்காரர் கடைக்குள் தலையைக் குனிந்து நுழைந்தார். போதகரைப் போலவே நெட்டை. அவருக்கும் ஒரு அங்கி வேண்டுமாம், நாடகத்தில் பாதிரியார் வேஷமாம். கடைசிக் காட்சியில் ஒரே இழுப்பில் கழற்றி வீச வேண்டுமாம்.

"நிஜ அங்கி மாதிரியே இருக்கணும்க்கா. ஆனா பொத்தான் சும்மா பேருக்குத்தான்."

"பொத்தானுக்கு அடியில வெல்க்ரோ ஒட்டுப்பட்டை வெச்சுடறேன், இழுத்தாப் பிரிஞ்சுடும். கதை என்ன?"

அவர் சற்றுத் தயங்கினார். "பாதிரியாரக் கிண்டல் பண்ற கதை. எனக்கு இந்தக் கடவுள் சமாச்சாரத்துல எல்லாம் நம்பிக்கை கெடையாது. முன்னாடியே சொல்லிடறேன்."

"எனக்கு உண்டு. நானும் முன்னாடியே சொல்லிடறேன். யாருக்குத் தெச்சாலும் அவங்களுக்காக ஜெபம் பண்ணித்தான் தெப்பேன். புடிக்கலேன்னா இப்பவே வேற கடை பாத்துக்கோ தம்பி."

"பண்ணிக்குங்க. தையல் கெட்டியா இருந்தாச் சரி."

இப்படியாகத்தான் அந்த நட்பு ஆரம்பித்தது. அளவு சரிபார்க்கப் போன இடத்தில் உட்கார்ந்து ஒத்திகையும் பார்த்தாள். மேடையில் மழை கொட்டுகிறது. ஒதுங்க வந்தவர்களைப் பார்த்து, "தரை இப்பதான் தொடச்சிருக்கு, வெளிய நில்லுங்க" என்று பாதிரியார் கதவைச் சாத்துகிறார். ஊசி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வாள்? அந்தத் தரையும் அந்தக் கதவும் அவள் சபையில் பார்க்காததா?

அடுத்த காட்சியில் பாதிரியார் திருவிருந்துப் பாத்திரத்தை எடுத்து, அதிலிருந்த திராட்சரசத்தால் வாய் கொப்பளித்துத் துப்பினார். அவள் சிரிப்பு பட்டென்று நின்றது. எழுந்துவிட்டாள்.

"பாதிரியார எவ்வளவு வேணா கிண்டல் பண்ணு. அவரும் மனுஷன்தான், நல்லா வேணும். அந்தப் பாத்திரம் அப்படி இல்ல தம்பி. அது எனக்கு உசுரு."

"அப்ப அங்கி தெக்க மாட்டீங்களா?"

"வாக்குக் குடுத்தாச்சு, தெப்பேன். ஆட்டத்துக்கும் வருவேன். இந்த எடம் வந்தா மட்டும் எழுந்து வெளிய போயிடுவேன். முடிஞ்சதும் உள்ள வந்து உக்காருவேன். என்ன செய்யணும்னு உனக்கு நான் சொல்லல. நான் என்ன செய்வேன்னு சொல்றேன்."

நாடகக்காரர் காட்சியை மாற்றவில்லை. அவளும் மாற்றச் சொல்லிக் கெஞ்சவில்லை. ஆனால் அன்றைக்கு அவளுக்குத் தேநீர் வாங்கிக்கொண்டு வந்தது அவர்தான்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சேதி சபைக்குப் போய்விட்டது. ஆட்டத்துக்கு முந்தின நாள் அவளுடைய அண்ணன் கடைக்கு வந்தார். சபைக் கமிட்டியின் செயலாளர். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம். துணைக்குக் கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர்.

"நீ செய்யறது உனக்கே நல்லா இருக்கா?" என்று ஆரம்பித்தார். "நம்மளக் கேலி பண்றவனுக்கு நம்ம அங்கியா? நாம பிரிச்செடுக்கப்பட்ட ஜனம். அவங்க அவிசுவாசிங்க. ஒட்டும் கூடாது, உறவும் கூடாது."

"பிரிஞ்சு போய் எங்கண்ணே குடியிருக்கறது? அவங்க ஏறற பஸ்ஸுலதான நாமளும் ஏறறோம்?"

"உலகம் உன்ன இழுத்துக்கிட்டுப் போகுது."

"என்னை இழுக்கறதுக்கு உலகத்துக்குத் தெம்பு பத்தாது. ஒங்களுக்கே பத்தலியே."

கமிட்டிக்காரர் ஒருவருக்குச் சிரிப்பு வந்து, இருமி மறைத்தார். அண்ணனுக்கு முகம் சிவந்தது.

"ஆண்டவர் எந்தெந்தப் பாவிங்க வீட்டுல உக்காந்து சாப்பிட்டாருன்னு நான் சொல்லித் தெரியணுமா?" ஊசி விடவில்லை. "உப்பு டப்பாவுக்குள்ளயே பத்திரமா இருந்தா எந்தச் சட்டிக்குண்ணே ருசி? நான் அங்க போய் என் விசுவாசத்தக் கழட்டி வெச்சுட்டு உக்காரல. அதையும் எடுத்துக்கிட்டுத்தான் போறேன்."

"முடிவாச் சொல்றேன். அந்த நாடகத்துக்கு நீ போனா, இந்த ஞாயித்துக்கெழம திருவிருந்துப் பந்திக்கு வராதே. ஒனக்கு அப்பமும் கெடையாது, ரசமும் கெடையாது. போதகர்கிட்டயும் பேசியாச்சு."

ஊசி கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்தாள். மற்ற எதை எடுத்திருந்தாலும் போகட்டும் என்றிருப்பாள். புருஷன் இறந்துபோன வாரத்தில் அவளை நிமிர்த்தி நிறுத்தியது அந்த ஒரு துண்டு அப்பமும் அந்த ஒரு வாய் ரசமும்தான். காய்ச்சலோடுகூடப் போய் முழங்காலிட்டிருக்கிறாள். அது இல்லாத ஞாயிற்றுக்கிழமையை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. அண்ணனுக்கும் அது தெரியும். தெரிந்துதான் அந்த இடத்தில் கை வைத்தார்.

"பேசி என்ன சொன்னாரு போதகர்?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லல."

போதகர் நல்ல மனிதர். ஆனால் செயலாளர் பேசினால் ஒன்றும் சொல்லாத நல்ல மனிதர்.

"இப்ப நம்ம அங்கியக் குடு, எடுத்துட்டுப் போறோம். நாடகக்காரன் துணியோட அது ஒரே ஆணியில தொங்க வேண்டாம்."

சுவரில் இரண்டு கறுப்பு அங்கிகள் தொங்கின. ஒரே துணி, ஒரே நீளம், ஒரே பொத்தான் வரிசை. அண்ணன் ஒன்றைப் பார்த்தார், மற்றதைப் பார்த்தார், திருதிருவென்று விழித்தார்.

"எது நம்மளது?"

"அண்ணே, அது வந்து..."

"நீ வாயத் தொறக்காதே! ஒன் பேச்சக் கேட்டது போதும். நம்மளதுல சிலுவை இருக்கும், எனக்குத் தெரியாதா?"

கழுத்துப்பட்டையைத் திருப்பினார். சிவப்புச் சிலுவை இருந்தது. வெற்றியோடு அதைக் கையில் எடுத்தவர், சந்தேகத்தில் அடுத்ததையும் திருப்பினார். அதிலும் இருந்தது.

"இவனுக்குமா?" அவர் குரல் உடைந்தது. "சாமியே இல்லேங்கறவனுக்குமா சிலுவை போட்டே?"

வாயைத் திறக்காதே என்று சொல்லியிருந்ததால் அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

கமிட்டி மூன்று பேரும் இரண்டு அங்கிகளையும் வெட்டுமேஜையில் கிடத்தித் தடவினார்கள், மோந்தும் பார்த்தார்கள். கடைசியில் அண்ணன் கண்ணை மூடி ஒரு நிமிடம் ஜெபித்துவிட்டு, இடதுபக்கத்து அங்கியைத் தூக்கினார். "இதுதான். கையில எடுத்ததுமே ஒரு பரிசுத்தம் தெரியுது பாருங்க" என்றார். மற்ற இருவரும் தெரிகிறது என்றார்கள். அவர்கள் போன பிறகு ஊசி மிஞ்சிய அங்கியின் பொத்தானை இழுத்துப் பார்த்தாள். அது நிஜமான பொத்தான்.

அப்போதே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லாதது தப்பு என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். வாயைத் திறக்காதே என்றவருக்குக் கீழ்ப்படிந்தாள், அவ்வளவுதான்.

நாடகக்காரரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி, போதகரின் அங்கியைக் கொடுத்தாள். மறுநாள் அரங்கில் முன்வரிசையில் உட்கார்ந்தாள். பாத்திரக் காட்சி வந்ததும் எல்லார் கண்ணும் பார்க்க எழுந்து வெளியே போனாள். உள்ளே சிரிப்பு வெடித்தது. அவளுக்கு வலித்தது. முடிந்ததும் திரும்ப வந்து உட்கார்ந்தாள். கடைசிக் காட்சியில் இழுத்து வீச வழியில்லாமல் நாடகக்காரர் ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினார். அரங்கில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. ஊசி எழுந்து நின்று கைதட்டினாள். அவள் தட்டியதைப் பார்த்தவர்களில் கமிட்டிக்காரர் ஒருவரின் மைத்துனரும் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை இருந்ததிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு ஆலயத்துக்குப் போனாள். வாசலிலேயே இரண்டு மூன்று பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். போதகர் புது அங்கியில் வந்தார். அன்று காலையில்தான் பிரித்து உடுத்தியிருந்தார். "பொத்தான் போடற பாடே இல்லாம எவ்வளவு வசதியா தெச்சிருக்காங்க!" என்று அவர் அண்ணனிடம் பாராட்டியதாகக் கேள்வி. அண்ணனும் பூரித்துப்போனாராம்.

திருவிருந்துக்கு அழைத்ததும் ஊசி போய்ப் பீடத்தின் முன்னால் வரிசையில் முழங்காலிட்டாள். கையை ஏந்தினாள்.

போதகர் பாத்திரத்தோடு வந்தார். பக்கத்தில் அண்ணன் அப்பத் தட்டோடு. அவளிடம் வந்ததும் அண்ணன் தட்டை மார்போடு ஒட்டிக்கொண்டு, "இவங்களுக்கு வேண்டாம்" என்று முணுமுணுத்தார். போதகர் அவள் முகத்தைப் பார்க்காமல் அடுத்தவரிடம் நகர்ந்தார்.

"ஐயா," என்றாள் ஊசி. மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் கடைசி வரிசைவரை கேட்டது. "குடுக்காம நான் எழுந்திருக்க மாட்டேன். ஆராதனை முடிஞ்சு வெளக்க அணைச்சாலும் இங்கயேதான் இருப்பேன்."

போதகர் திடுக்கிட்டுத் திரும்பினார். திரும்பிய வேகத்தில் குதிகால் அங்கியின் ஓரத்தை மிதித்தது. ஒரே இழுப்பில் கழல வேண்டும் என்று தைத்த அங்கி அல்லவா? கழுத்திலிருந்து கால்வரை சர்ரென்று பிளந்தது. உள்ளே கசங்கிய சட்டையும் பழைய பேண்ட்டுமாகப் போதகர் கையில் பாத்திரத்தோடு நின்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். பெரியவர்கள் அவர்களை அதட்டிவிட்டு அவர்களும் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

ஊசி முழங்காலை எடுக்காமலே கையை நீட்டி, அங்கியைக் கீழிருந்து எட்டியவரை அழுத்தி ஒட்டினாள்.

"என்னம்மா இது?" போதகர் கிசுகிசுத்தார். "யாரோட அங்கி?"

"நாடகக்காரரோடதுங்கய்யா. அண்ணன்தான் ஜெபம் பண்ணி எடுத்தாரு."

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை.

"உங்களோடது அவர்கிட்ட பத்திரமா இருக்கு. ரெண்டுக்கும் ஒரே ஜெபம்தான் பண்ணினேன், கூடக்கொறையப் பண்ணத் தெரியல." அவள் மறுபடியும் கையை ஏந்தினாள். "இப்பச் சொல்லுங்க. இந்த எடத்துக்கு ஆகாதது நானா, இந்த அங்கியா?"

போதகரின் கை தானாகப் பிடரிக்குப் போனது. முடிச்சு உறுத்தியிருக்க வேண்டும். அங்கியைக் கழற்றவில்லை. அண்ணனின் தட்டுக்குக் கையை நீட்டினார். அண்ணன் தட்டைப் பின்னால் இழுத்தார். போதகர் ஓர் அடி முன்னால் வந்து, தட்டின் விளிம்பைப் பிடித்து இறக்கி, ஓர் அப்பத்தை எடுத்தார். செயலாளர் இருக்கும்போது அந்த மனிதர் அப்படி ஒரு காரியம் செய்து அந்தச் சபை பார்த்ததில்லை.

ஊசி சாப்பிட்டாள், குடித்தாள். கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. எழுந்து திரும்பும்போது அண்ணன் அருகில் ஒரு நொடி நின்றாள்.

"அண்ணே, ஆராதனை முடிஞ்சதும் அங்கிய வாங்கி எங்கிட்டக் குடுத்துடுங்க. சாயங்காலம் நாடகக்காரருக்கு ஆட்டம் இருக்கு."