காய்ந்த பக்கத்து வேர்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு மனைவியின் வேலை விளங்கியதே இல்லை. விளங்காததைப் பற்றிப் பேசுவதில் மட்டும் அவனை அடிக்க ஆளில்லை. "செடிக்குத் தண்ணி ஊத்தாம இருக்கறதுக்கு ஒரு ஆராய்ச்சியாம்!" என்பான்.

அன்று அவளைக் கூட்டிப்போக வந்தவன் செடிகள் இருந்த கண்ணாடிக் கூடத்துக்குள் நுழைந்துவிட்டான். ஒவ்வொரு செடியின் வேரையும் இரண்டாகப் பிரித்து, பாதியை ஒரு தொட்டியிலும் மீதியைப் பக்கத்துத் தொட்டியிலும் நட்டிருந்தாள். ஒன்றுக்குத் தினமும் தண்ணீர். மற்றது காய்ந்து வெடித்துக் கிடந்தது.

"ஒரு பக்கம்தான் தண்ணி இருக்கே, அப்புறம் ஏன் வளராம நிக்குது?"

"காய்ஞ்ச பக்கத்து வேர் சேதி அனுப்பிக்கிட்டே இருக்குங்க. அதுக்குப் பயந்து இலை தன் துளையெல்லாம் மூடிக்குது. வாடல, ஆனா வளரவும் மாட்டேங்குது."

"அப்ப இது?" பக்கத்துச் செடி தளதளவென்று இருந்தது.

"அதுல காய்ஞ்ச வேரை வெட்டிட்டேன். சேதி நின்னுச்சு, மறுபடி வளருது."

இது அவனுக்குப் பளிச்சென்று புரிந்தது. ஒரு மாடியின் பட்டன் சிக்கிக்கொண்டால் லிஃப்ட் அங்கேயே போய்ப் போய் நிற்கும். அந்த ஒயரைக் கழற்றிவிட்டால் மற்ற மாடிக்காரர்களுக்கு நிம்மதி. அந்த மாடிக்காரர்கள் படியேறிக்கொள்ளட்டும்.

வீட்டில் சிக்கிய பட்டன் அவள் தம்பி. பெண்டாட்டி விட்டுப் போனதிலிருந்து வேறு ஊரில் ஒற்றை அறையில் கிடந்தான். தினமும் சாயங்காலம் போன் செய்து, சாப்பிடாததை, தூங்காததை, இனி இருந்து என்ன ஆகப்போகிறது என்பதை அக்காவிடம் கொட்டுவான். கேட்டுவிட்டு அவள் தட்டைத் தள்ளி வைப்பாள். எல்லாம் இருந்தும் இளைத்துக்கொண்டே போனாள். மெக்கானிக்குக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. பாசம்தான், வேறொன்றுமில்லை. அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, அவள் போனில் தம்பியின் எண்ணை பிளாக் செய்தான்.

போன் வராமல் போனதும் அவள் தவித்தாள். "தேறியிருப்பான். நீயா போய்க் கிளறாத" என்றான் மெக்கானிக். அவளும் நம்பினாள். சாப்பிட்டாள், ஒருநாள் வாய்விட்டுச் சிரித்தாள்கூட. இவனுக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு ஒரு சாயங்காலம், மனசு கேட்காமல், தம்பியைக் கூப்பிடப் போனைத் திறந்தாள். அவன் எண் பிளாக் செய்யப்பட்டிருந்தது.

"நீங்களா இப்படிப் பண்ணது?"

"நீதானே சொன்ன, காய்ஞ்ச வேரை வெட்டினா..."

"வெட்டின வேர் என்ன ஆச்சுன்னு கேட்டீங்களா? குப்பையில கொட்டினேன்!"

அவள் போட்ட சத்தத்தில் அவனுக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.

பிளாக்கை எடுத்துவிட்டு அழைத்தாள். வெகுநேரம் மணி அடித்த பிறகே தம்பி எடுத்தான்.

"டேய், எப்படிடா இருக்க?"

"நல்லா இருக்கேன்க்கா."

"சாப்பிட்டியா?"

"ம், ஆச்சு."

"என்ன சாப்பிட்ட?"

"ஏதோ ஒண்ணு, விடுக்கா."

"டேய், உன் நம்பரை நான் தடுக்கலடா. சத்தியமா எனக்குத் தெரியாது."

"பரவாயில்லக்கா. உனக்கும் குடும்பம் இருக்குல்ல. எனக்கு ஒண்ணுமில்ல."

முன்பெல்லாம் அவன் பேச்சை எப்படி முடிப்பது என்று தெரியாமல் அவள்தான் விழிப்பாள். இன்று என்ன கேட்டால் அவன் அழுவான் என்று தேடினாள்.

"வச்சிடவாக்கா?" என்றான் தம்பி.