உங்கள் சொந்த வார்த்தைகளில்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. பொய்யை எழுதியது நான். அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதை நிதானமாகச் சொல்லலாம்.

வேப்பந்தட்டைப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் நான் தமிழாசிரியை. குடியிருப்பது பெரம்பலூரில். எப்போதாவது கதை எழுதுவேன். பத்திரிகையில் வந்தால் எங்கள் தெருவில் மூன்று பேர் படிப்பார்கள். அதில் ஒருத்தி எதிர்வீட்டு ஜெயசித்ரா. இட்லி மாவு அரைத்து விற்கிறாள். அவள் கணவர் ராஜவேல் அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையில் எலெக்ட்ரீஷியன். குழந்தை இல்லை. (பெயர்களையெல்லாம் மாற்றிவிட்டேன். மாவு மட்டும் நிஜம்.)

போன வருடம் மாசி மாதம் அவள் ஒரு படிவத்தோடு வந்தாள்.

"டீச்சர், எல்லாத்தையும் அவரே நிரப்பிட்டாரு. இந்த ஒரு கேள்விக்கு மட்டும் நீங்க எழுதிக் குடுங்க. நாங்க எழுதுனா நல்லாருக்காது."

கேள்வி இதுதான்: 'இந்தக் குழந்தையைத் தத்தெடுக்க ஏன் விரும்புகிறீர்கள்? உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதவும்.'

நான் உட்கார்ந்து அவளுடைய சொந்த வார்த்தைகளை எழுதினேன்:

'தங்கை தனத்தின் மறைவுச் செய்தி எங்கள் இல்லத்தை எட்டிய அக்கணமே, அவளது செல்வத்தை எங்கள் மடியில் ஏந்திக்கொள்வதென நானும் என் கணவரும் ஒருமனதாகத் துணிந்தோம்.'

அக்கணமே. ஒருமனதாக. இரண்டும் பொய். அது அப்போது எனக்குத் தெரியாது.

[தெரியாது என்பதும் சரியில்லை. நான் கேட்கவில்லை. வாக்கியம் நன்றாக வந்திருந்தது, அதனால் கேட்கவில்லை.]

2

எங்கிருந்து தொடங்குவது என்பதில் நான்கு நாள் போனது. கைவிட்ட தொடக்கங்களில் இரண்டை இங்கே விட்டுவைக்கிறேன்.

'கிள்ளான் நகரில் மழை ஓய்ந்திருந்த ஒரு மாலையில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் தனம் தன் மகளின்'

நான் கிள்ளானைப் பார்த்ததில்லை. அந்தக் கட்டிலையும் பார்த்ததில்லை.

'ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்கு வந்திறங்கிய மலேசியக் குடும்பத்தில் ஓர் இளைஞன், பஸ் ஸ்டாண்டில் வழி கேட்டபோது'

இது நடந்ததுதான். ஆனால் இப்படித் தொடங்கினால் காதல் கதையாகிவிடும். அந்தக் காதல் கதையில் இருவருமே இப்போது இல்லை.

ஆகவே நேராகவே சொல்கிறேன். தனம், ராஜவேலின் தங்கை. பத்து வருடத்துக்கு முன் அந்த மலேசியப் பையனைக் கட்டிக்கொண்டு, வீட்டில் ஒருவரிடமும் சொல்லாமல் போய்விட்டாள். அண்ணி ஜெயசித்ராவும் அவளும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். அதனால் மாமியார் நம்பவில்லை. "ஒனக்குத் தெரியாமலா போயிருப்பா?" சாகும்வரை அந்த அம்மாள் மருமகளைக் கேட்ட கேள்வி அது ஒன்றுதான். உண்மையில் ஜெயசித்ராவுக்குத் தெரியாது. போனதைவிட, தன்னிடம்கூடச் சொல்லாமல் போனதுதான் அவளுக்கு ஆறவில்லை.

அங்கே தனத்துக்கு ஒரு பெண் பிறந்தது. கீதாஞ்சலி. குழந்தைக்கு மூன்று வயதில் அப்பா லாரி விபத்தில் போனார். ஆறு வயதில் அம்மா சிறுநீரக நோயில் போனாள். அப்பா வழியில் பொறுப்பேற்க யாரும் முன்வரவில்லை. குழந்தை கிள்ளானிலேயே ஒரு காப்பகத்தில் இருந்தது. தாய்மாமன் எழுதிக் கேட்டார். அந்த நாட்டு ஆட்கள், முதலில் உங்கள் வீட்டைப் பற்றி ஒரு அறிக்கை வேண்டும் என்றார்கள். வீடு, வருமானம், உடல்நலம், மனசு எல்லாவற்றையும் ஒரு சமூகப் பணியாளர் நேரில் வந்து பார்த்து எழுதும் அறிக்கை. அதற்கு 'ஹோம் ஸ்டடி' என்று பெயர். ராஜவேல் வாயில் அது 'ஓம் ஸ்டடி' ஆகி, தெருவில் பாதிப் பேர் ஏதோ பூஜை என்றே நினைத்தார்கள்.

3

பூஜைக்கு நடப்பதுபோல்தான் ஏற்பாடும் நடந்தது.

பின்பக்கக் கிணற்றுக்கு இரும்பு வலை போட்டார்கள். கிரைண்டர் இருந்த கொட்டகைக்குக் கதவு வைத்தார்கள். ரத்தப் பரிசோதனை, போலீஸ் சான்று, தெரிந்தவர் இருவரின் கடிதம். (ஒன்று என்னுடையது. அதில் பொய் இல்லை.) சாமான் அடுக்கியிருந்த சின்ன அறையைக் காலி செய்து ரோஸ் பெயிண்ட் அடித்தார் ராஜவேல். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் போனைச் சுற்றிக் காட்டினார்.

"பாப்பா, ஒன் ரூம் எப்படி இருக்கு?"

அந்தப் பக்கம் கொஞ்சம் யோசனை. "நல்லாருக்கு மாமா. ஆனா எனக்கு ரோஸ் பிடிக்காது."

மறுநாள் லீவு போட்டு பச்சை அடித்தார்.

என் பங்குக்கு நானும் கெடுத்தேன். என் பள்ளியிலிருந்து உலக உருண்டை ஒன்றையும் இருபது சிறுவர் புத்தகங்களையும் கொண்டுவந்து அந்த அறையில் அடுக்கி, "படிக்கிற சூழல்னு தெரியணும்ல" என்றேன். நான் எழுதிய பக்கத்தை ராஜவேல் மனப்பாடம் செய்தார். அரியலூர் போகும் கம்பெனி பஸ்ஸில் தினமும் முணுமுணுத்துக்கொண்டே போவாராம். பக்கத்து சீட்டுக்காரர், ஏதும் வேண்டுதலா என்று கேட்டிருக்கிறார்.

இத்தனையிலும் ஜெயசித்ரா எல்லாவற்றையும் செய்தாள், எதுவும் பேசவில்லை. நான் அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன். என் கதைகளிலும் பேசாத பெண்களை நான் அப்படித்தான் எழுதிவந்திருக்கிறேன்.

4

இந்த இடத்தில் ஒரு பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. சமூகப் பணியாளர் ஹேமலதா.

முதல் வரைவில் அவரைக் கண்டிப்பானவராக எழுதியிருந்தேன். மூக்குக் கண்ணாடி, கையில் அட்டை, அடுக்களை டப்பாவைத் திறந்து பார்க்கிற பார்வை. அடித்துவிட்டேன். அவர் திருச்சியிலிருந்து பஸ்ஸில் வந்தார், சித்திரை வெயிலில். வந்ததும் கேட்டது பாத்ரூம். அடுத்தது தண்ணீர். அதற்குப் பிறகு, "நீங்க உக்காருங்க, உங்க வூடுதானே" என்று அவரே ராஜவேலிடம் சொன்னார்.

ராஜவேல் உட்காரவில்லை. நின்றபடியே தொடங்கினார்.

"தங்கை தனத்தின் மறைவுச் செய்தி எங்கள் இல்லத்தை எட்டிய அக்கணமே, அவளது செல்வத்தை எங்கள் மடியில்... மடியில்..."

"ஏந்தி," என்றார் ஹேமலதா, கையிலிருந்த தாளைப் பார்த்து.

"ஆமாங்க மேடம். ஏந்தி."

அவர் சிரிக்கவில்லை. தாளைக் கோப்பில் வைத்துவிட்டு, "அம்மாகூட நான் தனியா கொஞ்சம் பேசலாமா?" என்று எழுந்து கொட்டகைக்குப் போனார்.

[அங்கே நான் இல்லை. இனி வருவது ஜெயசித்ரா பிறகு என்னிடம் சொன்னது. இந்த முறை கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறேன்.]

5

கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஜெயசித்ரா அதை நிறுத்தினாள்.

"அக்கணமேன்னு எழுதியிருக்கீங்களே," என்றார் ஹேமலதா. "அது எந்தக் கணம்?"

ஜெயசித்ரா கையிலிருந்த மாவை வழித்துக்கொண்டே இருந்தாள்.

"அப்படி ஒரு கணம் இல்லீங்க மேடம்."

"அப்புறம்?"

"அவரு கேட்டப்ப நான் வேணாம்னேன். நாலு மாசம் வேணாம்னே சொன்னேன். அவரு பாத்ரூம்ல தண்ணியத் தொறந்துவிட்டுட்டு அழுவாரு. எனக்குக் கேக்கும். அப்பவும் வேணாம்னேன்."

"ஏன்?"

"அவளயே நான் மன்னிக்கல. அவ புள்ளய எப்படிங்க வளக்கறது?"

பிறகு, யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். தனம் ஆஸ்பத்திரியில் இருந்தபோது மூன்று முறை இவளை அழைத்திருக்கிறாள். அண்ணனை அல்ல, அண்ணியை. மலேசிய நம்பர் என்று தெரிந்தே இவள் எடுக்கவில்லை. நாலாவது முறை கூப்பிட்டால் எடுக்கலாம் என்று இருந்தாளாம். நாலாவது முறை அழைத்தது காப்பகத்து ஆள்.

"அப்ப எப்படி மனசு மாறுச்சு?"

"பாப்பாதாங்க. மொதமொதலா வீடியோல பேசுறப்ப அவரு போனை என் கையில குடுத்துட்டு டீ போடப் போயிட்டாரு. அது என்னையே பாத்துச்சு. 'அத்த, எங்கம்மா போன் பண்ணப்ப நீங்க ஏன் எடுக்கல?'ன்னு கேட்டுச்சு. பக்கத்துல உக்காந்து பாத்துருக்கும்போல."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பொய் சொல்ல வாய் வரல. 'நான் கோவமா இருந்தேன்'னேன். 'இப்பவும் கோவமா?'ன்னுச்சு. 'இல்ல'ன்னேன். 'சரி'ன்னுட்டு, அது வரைஞ்ச ஆமையக் காட்டுச்சுங்க மேடம். அவ்ளோதான். மறுநாள் நானே அவருகிட்ட சொன்னேன், எழுதிப் போடுங்கன்னு."

ஹேமலதா கோப்பிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவினார். பிறகு, "இத எழுதித் தர்றீங்களா?" என்றார்.

"இதயா? இத எழுதுனா புள்ளயக் குடுப்பாங்களா?"

"தெரியாதும்மா. ஆனா இது இல்லாம குடுத்தா நான் பயப்படுவேன்."

6

அன்று சாயங்காலம் ஜெயசித்ரா என் பக்கத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். "கோவிச்சுக்காதீங்க டீச்சர்." தான் எழுதிக் கொடுத்ததை போனில் படமெடுத்து வைத்திருந்தாள். ஒன்றரைப் பக்கம். ஒற்றுப் பிழைகள், மூன்று சுழி வரவேண்டிய இடத்தில் இரண்டு சுழி. என் விரல் சிவப்பு மைக்குத் தவித்தது. கடைசி வரிகள் இவை:

'தனம் போன் செஞ்சா நான் எடுக்கல. மூனு தடவ. அது எனக்கு தெரியும் பாப்பாவுக்கும் தெரியும். இனிமே பாப்பா கூப்டா நான் எடுப்பேன்.'

இருபத்தாறு வருடமாகப் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுக்கிறேன். அன்று எனக்கு வீட்டில் வேலை ஓடவில்லை. எதிர்வீட்டுக்குப் போய் உலக உருண்டையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். புத்தகங்களை வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

இனி முடிவுகள்.

முடிவு ஒன்று: கோப்பு திரும்பி வருகிறது. 'மனத்தடை காரணமாகப் பரிந்துரைக்கப்படவில்லை.' உண்மையைச் சொன்னவள் தோற்கிறாள். இப்படி முடித்தால் நான் தீவிரமான எழுத்தாளர் ஆகிவிடுவேன். ஆனால் நடக்கவில்லை.

முடிவு இரண்டு: ஒரே வாரத்தில் அனுமதி, தெருவெல்லாம் லட்டு. அதுவும் நடக்கவில்லை.

நடந்தது காத்திருப்பு. ஹேமலதா பரிந்துரைத்தே எழுதினார். அம்மாவைப் பற்றிக் குழந்தை பேச விரும்பும்போதெல்லாம் பேசவிட வேண்டும் என்று ஒரு வரியும், வந்தபின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நேரில் பார்ப்பதாக ஒரு வரியும் அதில் இருந்ததாம். அறிக்கை டெல்லிக்குப் போனது, அங்கிருந்து கடல் தாண்டிப் போனது. அங்கிருந்து இரண்டு கேள்விகள் வந்தன, பதில் போனது. ஒரு தீபாவளி, ஒரு பொங்கல். ஞாயிறுதோறும் வீடியோ கால் மட்டும் நிற்கவில்லை. இந்தப் பங்குனியில் அந்த ஊர் கோர்ட்டில் ஆணை வந்தது. இருவரும் பாப்பாவைக் கூட்டிவர விமானம் ஏறிப் போனார்கள்.

7

கதையை இதுவரை எழுதி, கிள்ளானில் இருந்த ஜெயசித்ராவுக்கு போனில் அனுப்பினேன். அவள் சம்மதம் இல்லாமல் இது வெளிவராது. இரண்டு நாள் கழித்துக் குரல் செய்தி வந்தது.

"எல்லாம் சரியா இருக்கு டீச்சர். அவரு அழுததைக்கூட இருக்கட்டும்னுட்டாரு. ஆனா பாப்பா நம்ம ஊர்ல வந்து எறங்குறத நீங்க எழுத வேணாம். அது அவளோடது."

சரி என்று பதில் போட்டேன்.

இன்று அவர்கள் வருகிறார்கள். ஜெயசித்ராவின் தம்பி ராசாங்கம் காலையிலேயே வேன் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். திருச்சி ஏர்போர்ட்டுக்கு ஒன்றரை மணி நேரம்.

"வாங்க டீச்சர், முன் சீட்டு காலியாத்தான் இருக்கு."

"பெட்டி வைக்க இடம் வேணும்ல?"

"ஏழு வயசுப் புள்ளைக்கு எத்தன பெட்டி இருந்துடப்போவுது?"

எனக்குத் தெரியவில்லை. ஏறிப் போனால் தெரிந்துவிடும். தெரிந்தால் எழுதிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். நான் ஏறவில்லை.

நீங்கள் வேண்டுமானால் ஏறிக்கொள்ளுங்கள். ராசாங்கம் நிதானமாகத்தான் ஓட்டுவான். பாடாலூர் தாண்டினால் டீக்கு நிறுத்துவான், மறுக்காதீர்கள். ஏர்போர்ட்டில் தடுப்புக் கம்பிக்குப் பின்னால் கூட்டமாக இருக்கும். கண்ணாடிக் கதவு திறந்து திறந்து மூடும். ஜெயசித்ராவை அடையாளம் தெரியும், கை எப்போதும் கொஞ்சம் வெளுத்திருக்கும். அவள் பக்கத்தில் வருபவளிடம் நீங்கள் முதலில் பேசாதீர்கள். அவள் பேசட்டும். என்ன சொன்னாள் என்று என்னிடம் வந்து சொல்ல வேண்டாம்.