சத்தம் வராத பொம்மை

பஸ்ஸில் ஏறிக் கையை நீட்டினால் போதும், அவர் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இருக்காது. டிக்கெட் வைத்திருப்பவர்கள் எடுத்துக் காட்டுவார்கள். இல்லாதவர்கள் ஜன்னலுக்கு வெளியே எதையோ ரொம்ப அக்கறையாகப் பார்ப்பார்கள். டிப்போவில் எல்லோருக்கும் அவர் செக்கர்தான். வீட்டுக்குப் போன் செய்கிறவர்கள்கூட மனைவியிடம், "செக்கர் இருக்காரா?" என்றுதான் கேட்பார்கள்.

நாற்பதை நெருங்கும் வயதில் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவள் உட்காரப் பழகிய பிறகு, மனைவி தான் முன்பு பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்கே திரும்பிப் போனாள். மற்ற நாட்களில் மனைவியின் அக்கா வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்வாள். செக்கருக்கு வார விடுப்பு புதன்கிழமை. அன்றைக்குக் குழந்தை அவர் பொறுப்பு.

வீட்டுக்குள் அவரைப் போல ஒரு தகப்பன் கிடையாது. கஞ்சி காய்ச்சி ஊட்டுவார், ஈரத்துணி மாற்றுவார், இல்லாத ராகத்தில் எல்லாம் பாடித் தூங்க வைப்பார். ஆனால் வாசற்படியைத் தாண்ட மாட்டார்.

"புதன்கிழமை வந்தா பிள்ளைக்கு ஜெயில் தண்டனையா?" என்று மனைவி கேட்டாள். "கொஞ்சம் காத்தாட வெளிய கூட்டிட்டுப் போங்களேன்."

"ஸ்ட்ரோலர்ல உட்கார வச்சாலே கத்துறாளே."

"கத்தத்தான் செய்வா. கண்ணு முன்னாடி வெறும் கம்பி. எவ்வளவு நேரம் அதையே பார்ப்பா? அந்தக் கம்பியில மாட்டுற மாதிரி பொம்மை விக்கிறாங்க. ரெண்டு வாங்கி மாட்டுங்க. கயிறு நீளமா இருக்கக் கூடாது, கழுத்துல சுத்திக்கும். கிளிப் கெட்டியா இருக்கணும். வாயில வைப்பா, அதனால துவைக்கிற மாதிரி பாருங்க. முக்கியமா கிலுகிலுன்னு சத்தம் வரணும். அவளுக்குச் சத்தம்னா உயிர்."

அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

புதன்கிழமை காலை குழந்தையை ஸ்ட்ரோலரில் உட்கார வைத்து வாரைப் பூட்டினார். பிறகு தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கிளம்பினார். பார்க்கிறவர்களுக்கு ஏதோ குழந்தையைக் கடத்திக்கொண்டு போகிற ஆள் மாதிரி இருந்தது.

அந்தக் கோலத்துக்குக் காரணம் வெயில் இல்லை, டைம்கீப்பர். டிப்போவில் பஸ்களை நேரம் பார்த்து அனுப்பும் டைம்கீப்பர், தன் மனைவி வெளியூரில் வேலைக்குப் போன பிறகு, ஷிஃப்ட் முடிந்த கையோடு மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர ஓடுவார். ஒருநாள் ஓய்வறை நிறைய ஆட்கள் இருந்தபோது செக்கர், "வழி விடுங்கப்பா, ஆயாவுக்கு டியூட்டிக்கு நேரமாச்சு" என்றார். அறையே சிரித்தது. அன்றிலிருந்து டைம்கீப்பருக்கு ஆயா என்பதே பெயராகிவிட்டது. நேற்று வேலைக்குச் சேர்ந்த கண்டக்டர்கூட அப்படித்தான் கூப்பிட்டான். பெயர் வைத்தவருக்கு அதில் ஒரு பெருமையும் இருந்தது. இப்போது தானே ஒரு ஸ்ட்ரோலரைத் தள்ளிக்கொண்டு போவதை டிப்போ ஆள் யாராவது பார்த்துவிட்டால்?

பொம்மைக் கடை பஸ் நிலையத்துக்கு மேலே, சரிவான தெருவில் இருந்தது. விற்பனைக்கு நின்ற பெண்மணி ஸ்ட்ரோலரைப் பார்த்ததுமே ஒரு கம்பி வரிசைக்கு அவரை அழைத்துப் போனாள். பாம்பு மாதிரி கம்பியில் சுற்றிவிடும் துணிச்சுருள், உதறினால் மணி அடிக்கும் தேனீ, கசக்கினால் சரசரக்கும் துணி இலை, முகம் பார்க்கும் சூரியன், ஹாரன் வைத்த சின்ன ஸ்டியரிங், எல்லாம் தொங்கின. அவள் தேனீயைக் கழற்றிக் குழந்தையின் கையில் கொடுத்தாள். குழந்தை அதை ஒரு உதறு உதறியது. மணி கலகலத்தது. குழந்தை வாயைப் பிளந்துகொண்டு அப்பாவைப் பார்த்தது. தானே அந்தச் சத்தத்தைக் கண்டுபிடித்த மாதிரி மறுபடியும் உதறியது.

"முடிஞ்சுது சார். பாப்பாவே எடுத்துட்டா."

அந்த மணிச்சத்தம் தெருமுனை வரை கேட்கும் என்று அவருக்குப் பட்டது. "சத்தம் வராம ஏதாவது இருக்கா?"

"சத்தம் வராமன்னா கைக்குட்டைதான் சார் இருக்கு." தன் பேச்சுக்குத் தானே சிரித்தவள், அவர் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். உள்ளே போய் ஒரு சாம்பல்நிற யானையை எடுத்து வந்தாள். உள்ளே வெறும் பஞ்சு. கிளிப்கூட இல்லை, முதுகில் ஒரு ரிப்பன் மட்டும். "இது தொட்டில்ல கூட வச்சுத் தூங்கறதுக்கு. வெளிய போறப்ப இதைப் பார்த்துக்கிட்டு எவ்வளவு நேரம்மா இருப்பே நீ?" என்று குழந்தையிடம் கேட்டாள்.

"இதே போதும்."

தேனீயைக் குழந்தையின் விரல்களிலிருந்து அவர்தான் பிரித்து எடுத்தார். குழந்தையின் கீழுதடு பிதுங்கியது. அதை அவர் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுத்தார்.

யானையை ஸ்ட்ரோலரின் முன்கம்பியில் ரிப்பனால் கட்டிவிட்டுத் தெருவில் இறங்கினார். குழந்தை யானையைப் பார்த்தது, யானை குழந்தையைப் பார்த்தது. இருவருக்கும் பேச ஒன்றுமில்லை. தும்பிக்கையைக் கொஞ்சம் சப்பிப் பார்த்துவிட்டுக் குழந்தை அதைப் பிடித்து இழுத்தது. ரிப்பன் அவிழ்ந்து யானை கீழே விழுந்தது. எடுத்துக் கட்டினார். மறுபடியும் இழுத்தது. பஸ் நிலையத்தை நெருங்கும்போது சிணுங்கல் அழுகையாகிவிட்டது.

அப்போதுதான் நிறுத்தத்தில் நின்ற இருவரைப் பார்த்தார். கையில் டீ கிளாஸோடு நின்ற ஒருவர், எப்போதும் உரக்கப் பேசுவதால் ஹாரன் என்று பெயரெடுத்த டிரைவர். இன்னொருவர் டைம்கீப்பர்.

திரும்பிப் போயிருக்கலாம். சரிவில் ஸ்ட்ரோலரை மேலே தள்ளினால் இன்னும் கண்ணில் படும் என்று நினைத்தார். பக்கத்தில் ஒரு பெஞ்சில் நடுத்தர வயது அம்மா ஒருத்தி காய்கறிப் பைகளோடு பஸ்ஸுக்குக் காத்திருந்தாள். செக்கர் ஸ்ட்ரோலரை அவளருகே கொண்டுபோய் நிறுத்தினார். பார்த்தால் அவளுடையது போலவே இருந்தது. கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார். பிறகு நிதானமாக நடந்துபோய் நிறுத்தத்தின் கால அட்டவணைப் பலகை முன்னால் நின்று படிக்க ஆரம்பித்தார். எந்தப் பஸ் எப்போது வரும் என்று தூக்கத்தில்கூடச் சொல்லக்கூடியவர்!

"அட, செக்கர் சார்! லீவு நாள்ல போர்டுக்கும் செக்கிங்கா?" என்று ஹாரன் கத்தினார்.

"சும்மா, இந்தப் பக்கம் ஒரு வேலை."

"தொப்பி எல்லாம் பலமா இருக்கு."

அவர் சிரித்தார். முதுகுக்குப் பின்னால் அழுகை ஏறிக்கொண்டே போனது. டைம்கீப்பர் தலையைத் திருப்பிப் பார்த்தார்.

"யாரு பெத்த பிள்ளையோ, இப்படி அழுவுது" என்றார் ஹாரன். "கண்டுக்கவே ஆள் இல்ல. இதுகள் எல்லாம் எதுக்குப் பிள்ளை பெத்துக்குதுங்க?"

"ஆமா" என்றார் செக்கர்.

மறுபடி கீழே விழுந்துவிட்ட யானையை எட்டிப் பிடிக்க, குழந்தை வார் இழுபடும் அளவுக்கு முன்னால் சாய்ந்து காலை உதைத்தது. பிரேக் போடப்படாத ஸ்ட்ரோலர் நகர்ந்தது. முதலில் மெதுவாகத்தான் நகர்ந்தது. சரிவில் வேகம் பிடித்து, பஸ்கள் உள்ளே திரும்பும் வழியை நோக்கி ஓடியது. ஒரு பஸ் திரும்பிக்கொண்டிருந்தது.

பெஞ்சிலிருந்த அம்மா பைகளை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். கைப்பிடியை ஒரு கையால் எட்டிப் பிடித்து, தன் உடம்பையே முட்டுக்கொடுத்து நிறுத்தினாள். பஸ் கிறீச்சிட்டு நின்றது. தக்காளிகள் சாலையில் உருண்டன.

"யாரோட குழந்தை இது?" என்று அவள் கத்தினாள். "ஐயோ, யாரோட குழந்தைங்க இது?"

நிறுத்தத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செக்கரின் கை சட்டைப்பையைத் தடவிக்கொண்டிருந்தது. அதில் ஒன்றுமில்லை என்று அவருக்குத் தெரியும். டிக்கெட் இல்லாமல் மாட்டிக்கொள்கிறவர்கள் இப்படித்தான் பையைத் தடவுவார்கள். அந்த முகங்களை அவர் எத்தனையோ பார்த்திருக்கிறார், சிலதை ஓய்வறையில் நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்தும் இருக்கிறார்.

அந்த அம்மா மூன்றாவது தடவையும் கேட்ட பிறகே அவருக்குக் குரல் வந்தது.

"என்னோடது."

"உன்னோடதா?" அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். மூச்சு வாங்கியது. "அந்தப் போர்டுகிட்ட நின்னு சிரிச்சுப் பேசிட்டு இருந்தியே, நீயா? இது அழுதது உன் காதுல விழலையா? இதைப் பெத்தவ உன்னை நம்பித்தானப்பா விட்டுட்டுப் போயிருப்பா!"

ஹாரன் கேலி செய்திருந்தால் தேவலை என்று செக்கருக்கு இருந்தது. ஹாரனோ டீ கிளாஸை வைத்துவிட்டுச் சாலையில் கிடந்த தக்காளிகளைப் பொறுக்கப் போனார்.

டைம்கீப்பர்தான் வந்து முதலில் ஸ்ட்ரோலரின் பிரேக்கைக் காலால் அழுத்தினார். "தூக்குங்க சார். பயந்திருக்கா."

செக்கருக்கு வாரைக் கழற்ற முடியவில்லை. டைம்கீப்பர் குனிந்து கழற்றிக் குழந்தையைத் தூக்கி அவர் தோளில் போட்டார். பிறகு தன் சாவிக்கொத்தை எடுத்துக் குழந்தையின் காதருகே ஆட்டினார். விக்கலுக்கு நடுவே குழந்தை சாவிகளைப் பார்த்தது, கையை நீட்டியது.

"இவளுக்குச் சத்தம் பிடிக்குது சார்" என்றார் டைம்கீப்பர்.

சாயங்காலம் மனைவி வந்தபோது, துவைத்துக் காயப்போட்ட யானை கொடியில் தொங்கியது. நடந்ததைச் சொல்லாமலே விட்டிருக்கலாம், அவளிடம் போய்ச் சொல்ல யாரும் இல்லை. ஆனாலும் சொன்னார். முதலில் வண்டி உருண்டது வரைக்கும்தான் சொன்னார்.

"நீங்க ஓடிப்போய்ப் பிடிச்சீங்களா?"

"இல்ல. ஒரு அம்மா பிடிச்சாங்க."

"நீங்க எங்க இருந்தீங்க?"

கேள்வி மேல் கேள்வியாக அவள் கேட்கக் கேட்க, கடையில் தேனீயைப் பிடுங்கியதிலிருந்து எல்லாம் வெளியே வந்தது. அவள் குழந்தையை மடியில் வைத்து அதன் கைகால்களைத் தடவிப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"பிரேக் போட மறந்தது எனக்கும் நடக்கும்" என்றாள் கடைசியில். "யாரோட குழந்தைன்னு கேட்டாங்கள்ல? அதுக்கு எதுக்குங்க யோசிச்சீங்க?"

அவள் அழவும் இல்லை, கத்தவும் இல்லை. அடுத்த புதன்கிழமை காலை அவளுடைய அக்கா வந்து கதவைத் தட்டினாள். அதற்கடுத்த புதனும் வந்தாள். அவளிடம் என்ன சொல்லப்பட்டது என்று அவருக்குத் தெரியவில்லை. "நீங்க பேப்பர் படிங்க, நான் பார்த்துக்கறேன்" என்று அவள் குழந்தையை வாங்கிக்கொள்ளும்போது, சொந்த வீட்டில் விருந்தாளி மாதிரி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

டிப்போவில் அவர் நுழைந்தால் பேச்சு நின்ற மாதிரி தோன்றியது. உண்மையிலேயே நின்றதா என்று தெரியாது. ஒரு மதியம் டைம்கீப்பரின் கண்ணாடி அறைக்குப் போனார்.

"அந்தப் பேர் வச்சது நான்தான்" என்றார். "தப்பு. இனிமே யாரும் அப்படிக் கூப்பிடாம நான் பார்த்துக்கறேன்."

டைம்கீப்பர் மைக்கை அணைத்தார். "எனக்குப் பழகிப்போச்சு சார். என் பொண்ணு ஒருநாள் இங்க வந்திருந்தப்ப நீங்க கூப்பிட்டது அவ காதுல விழுந்துடுச்சு. அதுலேர்ந்து ஸ்கூல் வாசல்ல நிக்காதீங்கப்பான்னுட்டா. தெருமுனையிலதான் நிக்கிறேன்."

"நான் வேணா வந்து அவகிட்ட..."

"வேணாம் சார்." கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. மைக்கைப் போட்டு வழித்தடத்தின் பெயரைச் சொன்னார்.

செக்கர் வெளியே வந்து, தண்ணீர்க் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட் முடிந்து வந்ததும் மனைவியிடம், "பொம்மைக் கடைக்கு வர்றியா?" என்று கேட்டார்.

"வர்றேன். ஆனா நீங்கதான் பார்த்து வாங்கணும். நான் வாயைத் திறக்க மாட்டேன்."

கடையில் அவர் குழந்தைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். ஒரு கையில் துணி இலை, ஒரு கையில் சூரியன் என்று மாற்றி மாற்றிக் காட்டினார். குழந்தை சூரியனில் தன் முகத்தைப் பார்த்துச் சிரித்தது, இலையைக் கசக்கி வாயில் வைத்தது. தேனீயை எடுத்ததும் இரண்டையும் விட்டுவிட்டு அதைப் பறித்தது. அவர் கிளிப்பை இழுத்து இழுத்துப் பார்த்தார். அதன் கயிற்றின் நீளத்தைக் கழுத்தளவுக்கு வைத்துப் பார்த்தார், சுற்றாது. தையலை நகத்தால் நெருடினார், ஒன்றும் பிரியவில்லை. தேனீயைக் கைக்கு எட்டும்படியும் இலையைப் பக்கவாட்டிலும் மாட்டினார்.

"சூரியன் சார்?" என்று விற்பனைப் பெண்மணி கேட்டாள்.

"எல்லாத்தையும் ஒரே நேரத்துல மாட்டினா எதையுமே பார்க்க மாட்டா. அடுத்த தடவை வந்து வாங்கிக்கறேன்."

மனைவி சொன்னபடியே வாயைத் திறக்கவில்லை.

தெருவில் தேனீ கலகலவென்று அடித்துக்கொண்டே வந்தது. எதிரே வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்குக் காது சூடானது. தொப்பி போடாமல் வந்திருந்தார். இந்த வெட்கம் ஒரே நாளில் போய்விடாது என்று தெரிந்தது. போகாவிட்டாலும் தள்ளத்தான் வேண்டும் என்று தள்ளினார்.

சரிவு தொடங்கும் இடத்தில் மனைவி பக்கத்தில் வந்து கைப்பிடியில் தன் கையையும் வைத்தாள். அவர் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. இருவரும் அப்படியே இறங்கினார்கள். சமதளம் வந்த பிறகும் அவள் கையை எடுக்கவில்லை. அவரும் எடுக்கச் சொல்லவில்லை.