யாருக்கு வசதி

காதில் மாட்டியிருந்த ஹெட்போனுக்குள் ஒரு ஆள் கத்திக்கொண்டிருந்தார். "யாரைக் கேட்டு என் பிளானை மாத்தினீங்க? நான் கேட்டேனா?" செல்போன் கம்பெனியின் புகார்ப் பிரிவில் இருப்பவளுக்கு இது அன்றாடப் பாட்டுதான். "மன்னிக்கணும் சார், இப்பவே பாக்கறேன் சார்" என்று வாய் பழகிய வழியில் சொல்லிக்கொண்டிருந்தபோது, மேஜைமேல் கிடந்த அவளுடைய போன் மினுங்கியது. வாழ்த்துகள், ஆன்லைன் பட்டப்படிப்பில் உங்களுக்கு இடம் உறுதியாகிவிட்டது என்றது செய்தி. கீழே எழுத்துப் பிசகாமல் அவள் பெயர். அவள் எதற்கும் விண்ணப்பித்திருக்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் விஷயம் விளங்கியது. கதவைத் திறந்த கணவன், "மெசேஜ் வந்துச்சா?" என்றான். "நாந்தான் சேத்துவிட்டேன். ஃபிரிட்ஜ் மேல நீ வாங்கி வச்ச ஈவ்னிங் காலேஜ் ஃபார்ம் கிடந்துச்சுல்ல, பாத்தேன். வேலை முடிச்சுட்டு அங்க வேற எதுக்கு அலையணும்? இதுன்னா வீட்ல இருந்தபடியே படிச்சுடலாம். உனக்கு வசதி."

பரிசு கொடுத்தவனின் பூரிப்பு அவன் முகத்தில். அதுதான் அவள் வாயை அடைத்தது. திட்டினால் திருப்பித் திட்டலாம். பரிசு கொடுக்கிறவனை என்ன செய்வது?

கல்யாணம் பேசியபோது அவள் காலேஜில் பாதியைத் தாண்டியிருந்தாள். "மீதிய அப்புறம் படிச்சுக்கலாம்" என்றார் அப்பா. மாப்பிள்ளை வீட்டாரும் தாராளமாகத் தலையாட்டினார்கள். அந்த அப்புறம் மசக்கையில் ஒருமுறை, கைக்குழந்தையில் ஒருமுறை, வீடு மாற்றியதில் ஒருமுறை என்று தள்ளிக்கொண்டே போயிற்று. இடையில் அவன் இன்சூரன்ஸ் ஆபீஸ் பதவி உயர்வுக்காக மாலைக் கல்லூரியில் மேல்படிப்புப் படித்தான். அந்த நாட்களில் வீடே பூனை நடை நடந்தது. டிவி ஊமையானது. அழுகிற மகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடினாள். வகுப்பு முடிந்து அவன் வரும்வரை பசியோடு உட்கார்ந்திருந்தாள். "நேர்ல உக்காந்து கேட்டாத்தான் மண்டைல ஏறுது" என்று அன்றைக்குச் சொன்னவனும் இதே மகராசன்தான்.

மறுநாள் பக்கத்து இருக்கை அக்காவிடம் கொட்டித் தீர்த்தாள். அந்த அக்கா ஆன்லைனில் படித்துப் பட்டம் வாங்கியவள். "நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். ரெட்டைப் புள்ளைங்கள தொடைக்கு ஒண்ணா போட்டுக்கிட்டுப் படிச்சேன். அது இல்லைன்னா எனக்குப் பட்டமே இல்ல."

"அப்ப நானும் அதையே படிச்சுட்டுப் போறேனே அக்கா."

"படி, வேண்டாங்கல. ஆனா நான் நாலையும் யோசிச்சு நானே முடிவெடுத்தேன். உனக்கு யாருடி எடுத்தா?"

செருப்புக்குள் புகுந்த கல்லாக அந்தக் கேள்வி நாள் முழுக்க உறுத்தியது.

இருந்தாலும் முயன்று பார்க்காமல் குறை சொல்லக் கூடாது என்று சனிக்கிழமை சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்தாள். வாரமெல்லாம் ஹெட்போன், இன்றும் ஹெட்போன். காதுமடல் காய்த்துப்போயிருந்தது. வரலாற்று வகுப்பு. ஆசிரியை நல்லவர், ஆசையாகப் பேசினார். ஒரு ஊரின் வரலாற்றை எழுதுகிறவர்கள் யாரையெல்லாம் விட்டுவிடுகிறார்கள் என்று கேட்டு நிறுத்தினார். அவளுக்கு உடம்பே நிமிர்ந்தது. அதற்குள் மகள் சார்ஜர் கேட்டாள். வாசல் மணி அடித்தது. "கொஞ்சம் தொறயேன், வீட்லதானே இருக்க" என்று குளியலறையிலிருந்து குரல் வந்தது. திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "நீங்க சொல்லுங்கம்மா" என்று ஆசிரியை அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பதில் நாக்கு நுனியில் இருந்தது. கேமராவுக்கு முன்னால் ஒரு சட்டை வந்து தொங்கியது.

"இதுல பட்டன் போயிடுச்சு பாரு. மத்தியானம் போட்டுக்கணும்."

திரையில் கட்டம் கட்டமாக இருந்த முகங்கள் சிரித்தன. கெட்ட சிரிப்பு இல்லை. ஆசிரியையும் சிரித்தபடி, "பரவாயில்லம்மா, அப்புறம் சொல்லுங்க" என்றார்.

அப்புறம்.

லேப்டாப்பை மூடினாள். "நான் கிளாஸ்ல இருந்தேன்."

"வீட்லதானே இருந்த?"

"நீங்க கிளாஸ்ல இருந்தப்ப என்னிக்காவது வந்து கதவத் தட்டி, துண்டு எங்கன்னு கேட்டேனா?"

"அது வேற. அது வேலைக்காகப் படிச்சது."

"இது எனக்காகப் படிக்கிறது. நானும் ஈவ்னிங் காலேஜுக்கே போறேன்."

"சாயந்திரம் நீயும் கெளம்பிப் போயிட்டா வீட்ட யாரு பாக்கறது?"

அவன் மனதில் கிடந்தது ஒருவழியாக வாய்க்கு வந்துவிட்டது. "இத மொதல்லயே சொல்லியிருந்தா மரியாதையா இருந்திருக்கும். எனக்கு வசதின்னு எதுக்குங்க சொன்னீங்க?" சட்டையை அவன் தோளிலேயே போட்டாள்.

திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு மாலைக் கல்லூரி அலுவலக வரிசையில் நின்றாள். முன்னால் நின்றவர் மருத்துவமனைச் சீருடையோடு வந்த ஆண் நர்ஸ். குமாஸ்தா ஒரு வார்த்தை பேசாமல் அவருடைய ஃபார்மை வாங்கி முத்திரை குத்தினார். அவள் முறை வந்ததும் தலை நிமிராமலே சொன்னார், "வேலைக்குப் போறவங்களுக்கு ஆன்லைன்தாம்மா வசதி. குடும்பத்தையும் பாத்துக்கலாம்."

"எனக்கு முன்னாடி நின்னவரும் வேலைக்குப் போறவர்தானே? அவர் குடும்பத்தப் பத்தி ஏன் சார் கேக்கல?"

குரல் உயர்ந்துவிட்டது. காலமெல்லாம் மன்னிப்புக் கேட்டே தேய்ந்த குரல் சுவரில் மோதித் திரும்பியபோது, யாரோ பேசுகிறார்கள் என்று அவளே ஒரு கணம் நினைத்தாள். குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். பிறகு முத்திரையைத் தேடினார்.

வகுப்பு தொடங்கும் நாள்வரை வீட்டில் பேச்சு மகள் வழியாகத்தான் நடந்தது. "அப்பா உன்ன எப்ப வருவன்னு கேக்கச் சொன்னார்." "ஒம்பதுக்கு மேல ஆகும்னு சொல்லு." "அப்பா சரின்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லலம்மா."

முதல் நாள் மாலை வகுப்பறை புழுங்கிற்று. பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் பெயின்ட் வாசனையோடு ஒருவன், அந்தப் பக்கம் பாதித் தூக்கத்தில் ஒரு டாக்ஸி டிரைவர். பைக்குள் போன் அதிர்ந்தது. கணவன்தான். வாஷிங் மெஷின் குமிழை எந்தப் பக்கம் திருப்பணும் என்று கேட்டிருந்தான். சமாதானமா, குத்தலா, தெரியவில்லை. பதில் எழுதாமல் ஜிப்பை இழுத்து மூடினாள்.

ஜன்னல் திறக்கவில்லை. யாரோ சட்டத்தோடு சேர்த்துப் பெயின்ட் அடித்துவிட்டிருந்தார்கள். "ஒரு கை கொடுங்க" என்றார் பேராசிரியர். பெயின்டர் எழுந்தான், டிரைவர் எழுந்தார், அவளும் எழுந்து இருவருக்கும் நடுவில் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். படாரென்று திறந்துகொண்டது. உள்ளே பாய்ந்த காற்றில் பெஞ்சுகளின்மேல் இருந்த தாள்களெல்லாம் ஒன்றாகக் கிளம்பின. எது யாருடையது என்று பார்க்காமல் ஆளாளுக்குக் கைக்கு எட்டியதைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.